மருத்துவர் பணிநேர வரம்பு (அமெரிக்கா)

பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரத்துக்கு உச்சவரம்பு விதிக்கும் ஏற்பாடு. 1984 மார்ச்சில் நியூயார்க் மருத்துவமனையில் இறந்த 18 வயது மாணவி லிபி சயனின் வழக்கே இதற்கு வித்திட்டது. கடும் காய்ச்சலும் உடல் நடுக்கமுமாக வந்த அவர், மனச்சோர்வுக்கு ஃபெனல்சின் உட்கொண்டுவந்தவர். அதனோடு சேரக்கூடாத பெத்திடின் ஊசி அவருக்குப் போடப்பட்டது. அவரைக் கவனித்த முதலாண்டுப் பயிற்சி மருத்துவர் அன்றிரவு ஏறத்தாழ 40 நோயாளிகளுக்குப் பொறுப்பு. அவர் மறுபடி வந்து பார்க்காமல் தொலைபேசியிலேயே உத்தரவுகள் கொடுத்தார். மரணத்தின் காரணம் பற்றிய வாதம் நீதிமன்றத்தில் நீண்டது. பத்திரிகையாளரான தந்தை சிட்னி சயன், பயிற்சி மருத்துவர்களின் நீண்ட பணிநேரத்துக்கு எதிரான போராட்டத்தை விடவில்லை. பெர்ட்ரண்ட் பெல் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1989இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி, தொடர்ச்சியாக 24 மணி என வரம்பு கட்டியது. 2003இல் 80 மணி வரம்பு நாடு முழுவதற்கும் வந்தது.

நீண்ட முறைப்பணியில் முதலாண்டு மருத்துவர்கள் 36 சதவீதம் கூடுதலாகக் கடுமையான பிழைகள் செய்ததாக 2004இல் வெளியான பாஸ்டன் ஆய்வு காட்டியது. ஆனால் நேரத்தைக் குறைத்தால் பொறுப்பு கைமாறும் தடவைகள் கூடும். தகவல் நழுவுவதும் அங்கேதான். நேரத்தை மட்டும் எண்ணி, ஒருவர் தலையில் விழும் நோயாளிகளை எண்ணாதது அரைகுறைத் தீர்வே. முதலாண்டினரின் தொடர்ச்சியான பணிக்கு 2011இல் விதித்த 16 மணி வரம்பு, 2017இல் மீண்டும் 24 ஆனது.