விண்டோஸ் 98 போய் எக்ஸ்பி வந்தபோது தமிழுக்கு என்ன ஆனது?

வீட்டுக் கணினியில் இயங்குதளம் மாற்றுவது இன்று பெரிய வேலை இல்லை. ராத்திரி அப்டேட் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் புதியது தயாராக இருக்கும். ஆனால் 2002-க்கும் 2006-க்கும் இடையில் வண்டியூர், அண்ணா நகர், தெப்பக்குளம் பக்கத்து வீடுகளில் விண்டோஸ் 98-ஐ எடுத்துவிட்டு எக்ஸ்பி போட்ட கதை வேறு. அந்த மாற்றத்தோடு சேர்ந்து, கணினிக்குள் தமிழை எழுதிவைக்கும் முறையே மாறிப்போனது. ஒரு பக்கம் பழைய தமிழ்க் கோப்புகள் படிக்க முடியாத குப்பையாகின. இன்னொரு பக்கம் மதுரையில் எழுதியதை மலேசியாவில் இருப்பவர் எந்தச் சிரமமும் இல்லாமல் படிக்க முடிந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தன!

முதலில் பழைய முறையைப் பார்ப்போம். கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். 1990-களில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட், அதாவது மொத்தம் 256 இடங்கள். அவற்றில் ஆங்கிலம் முதல் பாதியை எடுத்துக்கொண்டது. தமிழ் எழுத்துரு செய்தவர்கள் ஆளுக்கொரு வழியைப் பிடித்தார்கள். சிலர் மேல் பாதியில் தமிழை வைத்தார்கள். சிலர் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வரைந்துவிட்டார்கள். டிடிபி கடைகளில் புகழ்பெற்ற பாமினி இந்த இரண்டாம் வகை. அதில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினியைப் பொறுத்தவரை அது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. அவ்வளவுதான். எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் அர்த்தமில்லாத ஆங்கிலம். தட்டச்சு இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் முடித்தவர்களுக்கு இது வசதியாகவே இருந்தது. பழைய தட்டச்சு இயந்திரத்தில் விரல் போகும் இடத்துக்கே இங்கும் போனது. அதனால்தான் பாமினி இத்தனை காலம் உயிரோடு இருக்கிறது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1997-இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடந்தன. சென்னை மாநாட்டின் விளைவாகத் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. இன்னொரு பக்கம் உலகெங்கும் இருந்த ஆர்வலர்கள் மின்னஞ்சலில் விவாதித்தே டிஸ்கி என்ற முறையை உருவாக்கினார்கள். ஆக, ஒரு தரம் வேண்டும் என்று கூடியவர்கள் கையில் மூன்று தரங்கள்!

டிஸ்கியின் முக்கியமான சாதனை மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் தலைமையில் தொடங்கிய இந்தத் திட்டத்தில், தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்து இலவசமாக வெளியிட்டார்கள். சங்கம் இருந்த ஊர் என்பதால் மதுரையின் பெயர். ஆனால் மதுரையிலேயே விண்டோஸ் 98 வைத்திருந்த ஒருவர் அந்த நூலைப் படிக்க முதலில் டிஸ்கி எழுத்துருவைத் தேடி இறக்க வேண்டும். டயல்-அப் இணைப்பில்!

டிஸ்கியிலும் ஒரு சிக்கல் இருந்தது. ‘இ’ எழுத்துக்கு 173-ஆம் இடம் தரப்பட்டிருந்தது. மேற்கத்திய அட்டவணையில் அந்த இடம் கண்ணுக்குத் தெரியாத ஒரு இணைப்புக்கோட்டுக்கு உரியது. அதனால் சில மென்பொருள்களில் ‘இ’ மட்டும் மாயமாகிவிடும். பிறகு வந்த பதிப்பில் 254-ஆம் இடத்திலும் ஒரு ‘இ’ வைக்க வேண்டியதாயிற்று. ஆங்கிலத்துக்காகக் கட்டிய வீட்டில் தமிழ் வாடகைக்கு இருந்தால் இப்படித்தான் ஆகும்.

சொந்த வீடு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்பதுதான் வேடிக்கை. 1991-இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் இருந்தது. ஆனால் வீடுகளில் ஓடிய விண்டோஸ் 95, 98 இரண்டுக்கும் அந்தத் தமிழைச் சரியாகக் காட்டத் தெரியவில்லை. காரணம் கொம்பு. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு இயந்திரம் போலவே முதலில் கொம்பை அடித்து, பிறகு எழுத்தை அடிப்பார்கள். யூனிகோடில் உச்சரிப்பு வரிசை. முதலில் மெய்யின் இடம், பிறகு உயிர்க்குறி. திரையில் காட்டும்போது குறியை முன்னால் கொண்டுபோய் வைப்பது இயங்குதளத்தின் பொறுப்பு. அது தெரியாத கணினியில் ‘வைகை’ என்று எழுதினால் இரண்டு ஐகாரக் குறிகளும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வைகை பின்னோக்கி ஓடியது போலத்தான்.

இந்த வேலையைத் தமிழுக்கும் செய்யும் திறன் 2000-இல் வந்த விண்டோஸ் 2000-இல் இருந்தது. கூடவே லதா என்ற தமிழ் எழுத்துருவும் வந்தது. ஆனால் அது அலுவலகங்களுக்கானது. வீட்டுக்கு வந்தது 2001 அக்டோபரில் வெளியான எக்ஸ்பிதான்.

வந்ததே தவிர, எளிதாக வரவில்லை. எக்ஸ்பிக்குக் குறைந்தது 64 எம்.பி. ராம் வேண்டும், 128 இருந்தால் நல்லது என்றது மைக்ரோசாஃப்ட். 98-க்காக வாங்கிய பல கணினிகளில் 32-தான் இருந்தது. ராமை மாற்றி எக்ஸ்பி போட்டாலும் தமிழ் தானாக வராது. கண்ட்ரோல் பேனலில் ரீஜனல் அண்ட் லாங்வேஜ் ஆப்ஷன்ஸ் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். உடனே கணினி எக்ஸ்பி சிடியைக் கேட்கும். அசெம்பிள் செய்த கணினிகளுக்கு அந்த சிடி எங்கே இருக்கும்? போட்டுக் கொடுத்த அண்ணனின் பையில்! அவர் மறுபடி வரும் வரை தமிழ்ப் பக்கங்கள் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்த ஒரு டிக் பற்றித் தெரியாததால் தமிழே வராது என்று விட்டுவிட்டவர்கள் எத்தனை பேரோ. 2007-இல் வந்த விஸ்டாவில்தான் இந்தத் தொல்லை போனது.

இழப்பு நடந்தது இன்னொரு இடத்தில். எக்ஸ்பி போடும்போது வழக்கமாக ‘சி’ டிரைவை பார்மேட் செய்வார்கள். கடிதம், கவிதை, கோயில் நோட்டீஸ் எல்லாம் ‘டி’ டிரைவில் பத்திரமாக இருக்கும். ஆனால் எழுத்துருக்கள் இருந்த ஃபாண்ட்ஸ் ஃபோல்டர் ‘சி’ டிரைவில். அது அழிந்தது. கோப்பு இருக்கிறது, திறக்கிறது, படிக்க மட்டும் முடியவில்லை! எந்த எழுத்துரு என்று பெயர் தெரிந்தவர்கள் தேடிப்பிடித்தார்கள். தெரியாதவர்கள் வைரஸ் என்று நினைத்து அழித்தார்கள்.

இந்த இடைவெளியில் பாலம் போட்டவர்கள் பெரும்பாலும் தனி ஆர்வலர்கள். மலேசியாவின் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் ஏற்கெனவே தமிழில் எழுதப் பழக்கியிருந்தது. பிறகு முகுந்த் முயற்சியில் இ-கலப்பை இலவசமாக வந்தது. ஜெர்மனியில் வாழும் ஈழத்தமிழர் சுரதா செய்த பொங்குதமிழ் மாற்றியில் பாமினி, டிஸ்கி என எதைப் போட்டாலும் யூனிகோடாக வெளியே வரும். அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர்தம்பி தேனீ எழுத்துருவை உருவாக்கினார். அதை இணையப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பலாம் என்பதால், எக்ஸ்பிக்கு மாற வசதியில்லாத விண்டோஸ் 98 வாசகரும் யூனிகோடு தமிழைப் படித்தார். புதியதற்கு மாறுங்கள் என்று எல்லோரும் சொன்ன காலத்தில், மாற முடியாதவர்களை நினைத்தவர் அவர். 2006-இல் காலமானார். அதே ஆண்டு ஜூலையில்தான் விண்டோஸ் 98-க்கான ஆதரவையும் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது.

மதுரைத் திட்டத்தின் நூல்களும் யூனிகோடுக்கு மாறின. 2003-இல் தொடங்கிய தமிழ் வலைப்பதிவுகள் வேகமாகப் பெருகியதற்கும் இதுவே காரணம்.

அரசு மெதுவாகத்தான் வந்தது. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-இல். 2014 ஏப்ரல் 8-இல் எக்ஸ்பியின் ஆதரவும் முடிந்தபோது, பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது. 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகளிலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் இருந்தது. அந்த மடிக்கணினியைத் திறந்த மாணவருக்குத் தமிழ் தெரிய எந்த டிக்கும் தேவைப்படவில்லை.

கடைசிவரை மாறாதது அச்சகம். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. சித்திரைத் திருவிழாவில் அழகர் வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு வருவதற்கான வரவேற்பு நோட்டீஸ் என்றால், போன வருடக் கோப்பைத் திறந்து தேதியையும் உபயதாரர் பெயரையும் மாற்றினால் போதும். யூனிகோடுக்குப் போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து அடிக்க வேண்டும். அதற்காகவே பழைய எக்ஸ்பி கணினியை மூலையில் ஓடவிட்ட கடைகள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் பிழைப்பு அது.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டது. மறுபடி வீட்டுக் கணினிகள் மாறும் காலம். பழைய ‘டி’ டிரைவில் அப்பாவோ சித்தப்பாவோ எழுதிய ‘ஜே கே பி ஓ அரைப்புள்ளி’ ஏதாவது கிடந்தால் அழித்துவிட வேண்டாம். பாமினி போட்டுப் பார்க்கலாம். அது சரிவராவிட்டால் டிஸ்கி மாற்றி ஒன்றில் ஒட்டிப் பார்க்கலாம்.