எஸ்டேட்டுக்கு விலக்கு, டைரக்டருக்கு?

"ஃப்ரெண்டோட கம்பெனில பேருக்கு டைரக்டரா இருக்கேன். சம்பளம் கிடையாது. நான் ரிட்டர்ன் போடணுமா?" என் வயசு ஆளுங்க அடிக்கடி கேட்கிற கேள்வி இது. பதிலைத் தேடி ஏற்காடு வரைக்கும் ஏறிட்டு வரலாம்.

1820களில் சேலம் கலெக்டரா இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டு வந்தார். அப்போ இந்தியாவுல வருமான வரியே கிடையாது. 1857 கிளர்ச்சியால காலியான கஜானாவை நிரப்ப, 1860ல் ஜேம்ஸ் வில்சன் அதைக் கொண்டு வந்தார். அதைக் கடுமையா எதிர்த்தவர் யார் தெரியுமா? சென்னை மாகாண கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன். எதிர்ப்பைப் பகிரங்கமா வெளியிட்டதால அவரோட பதவியே போச்சு. அந்த வரி 1865ல் முடிஞ்சுது. 1886ல் நிரந்தரமா திரும்பி வந்தப்போ விவசாய வருமானத்துக்கு விலக்கு கொடுத்தாங்க. அந்த விலக்கு இன்னிக்கும் இருக்கு.

இப்போ ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட்டை எடுத்துக்கோங்க. பறிச்ச பழத்தை அப்படியே வித்தா, அது முழுக்க விவசாய வருமானம். மத்திய அரசுக்கு வரி கிடையாது. பதப்படுத்தி வித்தா 25 சதவீதம் வியாபார வருமானம். வறுத்து அரைச்சு வித்தா 40 சதவீதம். மிச்சம் விவசாயம்.

சரி, அந்த எஸ்டேட் ஒரு கம்பெனி பேர்ல இருந்தா? அதோட டைரக்டருக்கும் இந்த விலக்கு வருமா?

வராது. இதுக்கு அடிப்படையான தீர்ப்பு, 1954ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பாச்சா குஸ்தார் வழக்கு. அவர் தேயிலை கம்பெனிகள்ல பங்குதாரர். கம்பெனி வருமானத்துல 60 சதவீதம் விவசாய வருமானம்னு விலக்கு இருந்துச்சு. அப்போ என் டிவிடெண்ட்லயும் 60 சதவீதத்துக்கு வரி கூடாதுன்னு வாதாடினார். கோர்ட் ஒத்துக்கல. விவசாயம் பண்றது கம்பெனி. பங்குதாரருக்குக் கிடைக்கிறது டிவிடெண்ட். கம்பெனி வேற ஆள், நீங்க வேற ஆள்.

டைரக்டர் கேள்விக்கும் சாவி இதுதான். கம்பெனி லாபமோ நஷ்டமோ, வருஷா வருஷம் ரிட்டர்ன் போட்டே ஆகணும். டைரக்டர் பதவி மட்டுமே உங்களை ரிட்டர்ன் போட வைக்காது. உங்க சொந்த வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டுதான்னு பாருங்க. புதிய வரி முறையில 2025-26 நிதியாண்டுக்கு அது 4 லட்சம். 12 லட்சம் வரைக்கும் தள்ளுபடியால வரி பூஜ்யமா வரலாம், ஆனா 4 லட்சம் தாண்டினா ரிட்டர்ன் உண்டு. வருமானம் குறைவா இருந்தும், வெளிநாட்டுல சொத்து இருந்தாலோ, வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல செலவு பண்ணியிருந்தாலோ போடணும்.

ஆனா பதவிக்கு எந்த வேலையும் இல்லைன்னு நினைச்சுடாதீங்க. 2019-20 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, டைரக்டரா இருக்கிறவங்க எளிமையான ஐடிஆர்-1, ஐடிஆர்-4 படிவங்களைப் பயன்படுத்த முடியாது. ஐடிஆர்-2 அல்லது 3ல், எந்தக் கம்பெனி, உங்க டின் நம்பர் என்னன்னு எழுதணும். ஐ.டி. கம்பெனில மாசச் சம்பளம் வாங்கிட்டு, நண்பனுக்காகக் கையெழுத்துப் போட்டவங்க சறுக்குற இடம் இதுதான்.

இன்னொன்னு. தனியார் கம்பெனியோட வரி பாக்கியைக் கம்பெனிகிட்ட வசூலிக்க முடியலைன்னா, அந்த வருஷம் டைரக்டரா இருந்தவங்ககிட்ட வசூலிக்கலாம். தன்னோட பெரும் அலட்சியமோ கடமை தவறுனதோ காரணம் இல்லைன்னு அவங்கதான் நிரூபிக்கணும். கம்பெனி வேற ஆள்ங்கிற சுவர்ல சட்டம் விட்டு வெச்சிருக்கிற கதவு அது.

அதனால 'சும்மா பேருக்கு'ன்னு யாராவது பேப்பரை நீட்டினா, கம்பெனி ரிட்டர்ன் போட்டாச்சா, வரி பாக்கி இருக்கான்னு முதல்ல கேளுங்க. கையெழுத்து அப்புறம். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.