மாணவர்கள் செய்த 'ஸ்னோ' செயற்கைக்கோள்

செயற்கைக்கோள் என்றாலே பெரிய விண்வெளி நிறுவனங்களும் கோடிக்கணக்கான செலவும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கல்லூரி மாணவர்களும் சேர்ந்து உருவாக்கிய ஒரு செயற்கைக்கோள் வளிமண்டலத்தின் புதிர் ஒன்றை விடுவித்தது. அதன் பெயர் ஸ்னோ.

1990களின் நடுவில், குறைந்த செலவில் பல்கலைக்கழகங்களே செயற்கைக்கோள் செய்ய முடியுமா என்று பார்க்க நாசா ஒரு திட்டம் தொடங்கியது. அதில் மூன்று செயற்கைக்கோள்கள் தேர்வாயின. முதலில் பறந்தது அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் செய்த ஸ்னோ. வடிவமைப்பு முதல் இயக்கம் வரை எல்லாவற்றிலும் மாணவர்களின் கை இருந்தது. தலைமை விஞ்ஞானி சார்லஸ் பார்த்.

1998 பிப்ரவரி 26 அன்று பெகாசஸ் ராக்கெட் அதை ஏவியது. விமானத்தில் கொண்டுபோய் நடுவானில் விடப்படும் ராக்கெட் அது!

ஸ்னோவின் வேலை, 100 முதல் 200 கி.மீ. உயரத்தில் உள்ள நைட்ரிக் ஆக்சைடை அளப்பது. அங்கே அந்த வாயு மிகக் குறைவுதான். ஆனாலும் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வெளியேற்றி மேல் வளிமண்டலத்தைக் குளிர்விக்கும். துருவப் பகுதியின் நீண்ட இரவில் கீழே இறங்கினால் ஓசோனை அழிக்கும். அதன் அளவு ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்பதுதான் கேள்வி.

விடை காண மூன்று கருவிகள் இருந்தன. ஒன்று நைட்ரிக் ஆக்சைடிலிருந்து வரும் புற ஊதா ஒளியை அளந்தது. இன்னொன்று சூரியனின் மென் எக்ஸ் கதிர்களை அளந்தது. மூன்றாவது துருவ ஒளியைக் கவனித்தது. மூன்றையும் ஒப்பிட்டபோது விடை கிடைத்தது. வெப்ப மண்டலப் பகுதியில் சூரியனின் எக்ஸ் கதிர் கூடினால் வாயுவும் கூடுகிறது. துருவப் பக்கம் அந்த வேலையைச் செய்வது, துருவ ஒளியை உண்டாக்கும் எலக்ட்ரான்கள்.

எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அதே திட்டத்தில் பாஸ்டன் பல்கலைக்கழகம் செய்த டெரியர்ஸ் 1999 மே மாதம் ஏவப்பட்டது. அதன் சூரியத் தகடுகள் சூரியனை நோக்கித் திரும்பவில்லை. மின்கலம் தீர்ந்து, ஆய்வு தொடங்கும் முன்பே செயலிழந்தது. ஆண்டுக்கணக்கான உழைப்பு சில நாட்களில் வீணானது.

ஸ்னோவோ ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் சுற்றியது. தான் ஆராய்ந்த அதே வளிமண்டலத்தின் உராய்வு அதை மெல்ல மெல்லக் கீழே இழுத்தது. 2003 டிசம்பர் 13 அன்று உள்ளே நுழைந்து எரிந்துபோனது. அது அனுப்பிய அளவீடுகள் மட்டும் இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன.