முப்பது குழந்தைக்கு ஓர் உபாத்தியாயர்

1864-ம் வருஷம் அமெரிக்கப் பட்டாளம் நவாஹோ மக்களைச் சொந்த மண்ணிலிருந்து விரட்டி, பல நூறு மைல் நடத்திக் கொண்டுபோய் அடைத்து வைத்தது. குளிரிலும் பட்டினியிலும் பலர் மாண்டார்கள். 1868-ல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, மிஞ்சியவர்கள் ஊர் திரும்பினார்கள்.

அந்த உடன்படிக்கையின் ஆறாவது ஷரத்து விசித்திரமானது. பள்ளிக்கு வரும் ஒவ்வொரு முப்பது குழந்தைகளுக்கும் ஒரு கட்டடமும், ஆங்கிலக் கல்வி தர ஓர் உபாத்தியாயரும் அளிப்பதாகச் சர்க்கார் வாக்களித்தது. உபாத்தியாயர்கள் வந்தார்கள், ஆனால் அந்நியர்களாக வந்தார்கள். பின்னர் குழந்தைகளைத் தூரத்து விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அங்கே தாய்மொழியில் பேசினால் தண்டனை. படிப்பு என்றாலே வீட்டைப் பிரிவது என்றாகிவிட்டது.

இதை மாற்ற ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1966-ல் அரிஸோனாவின் ரஃப் ராக் கிராமத்தில், நவாஹோ பெரியவர்களே நிர்வகிக்கும் பள்ளி பிறந்தது. அவர்களில் பெரும்பாலோர் அதிகம் படிக்காதவர்கள். 1968-ல் நவாஹோக்கள் தங்களுக்கென்றே ஒரு கல்லூரி தொடங்கினார்கள். 1978-ல் இத்தகைய கல்லூரிகளுக்குப் பொருளுதவி தரச் சட்டம் வந்தது. 1997-ல் ‘தினே கல்லூரி’ என்று பெயர் மாறிய அந்தக் கல்லூரி, பிற்பாடு ஆசிரியப் பட்டமும் வழங்கலாயிற்று.

உதவித் தொகை எங்கும் கிடைக்கலாம். ஆனால் பாட்டியையும் ஆட்டுக் கிடையையும் விட்டுவிட்டு நெடுந்தூரம் போகும் பிள்ளை திரும்பி வருவான் என்பது என்ன நிச்சயம்? வீட்டருகே படித்தவனோ உள்ளூர்ப் பள்ளியில் நின்று, குழந்தைகளோடு அவர்கள் பாஷையிலேயே பேசுகிறான். 1868-ல் சர்க்கார் கொடுத்த வாக்கை அந்த மக்களே நிறைவேற்றிக் கொள்ள வேண்டியதாயிற்று.