மானிப்பாயில் கிறீனின் தமிழ் மருத்துவக் கல்வி

தமிழில் அறிவியல் நூல்கள் எழுந்த வரலாற்றை ஆராய்வோர், சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவரைப் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர் என்ற அளவிலேயே போற்றுவர். அவர் ஓர் ஆசிரியர் என்பதும், அவர்தம் நூல்கள் வகுப்பின் தேவையால் பிறந்தவை என்பதும் போதிய அளவு நோக்கப்பெறவில்லை.

மாசச்சூசெட்சு மாநிலத்து வூஸ்டரில் 1822 ஆம் ஆண்டிற் பிறந்த கிறீன், தாமே விரும்பி அமெரிக்க மிசன் தொண்டில் இணைந்து 1847 இல் யாழ்ப்பாணம் போந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் நிலைகொண்டார். நோயாளர் கூட்டம் ஒருவர் கைக்கு அடங்குவதாயில்லை. ஆகவே உள்ளூர் இளைஞர் சிலரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கலானார். கொழும்பில் அரசினர் மருத்துவப் பள்ளி தோன்றியது 1870 இலேயே என்பதை நோக்க, இச்சிற்றூர் வகுப்பின் முதன்மை புலனாகும்.

தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. விளைவு யாதாயிற்று? மருத்துவமும் ஆங்கிலமும் ஒருங்கே கற்றவரை அரசினர் பணியும் நகர வாழ்வும் ஈர்த்தன. சிற்றூர் பழைய நிலையிலேயே நின்றது. 1857 இல் தாயகம் சென்று 1862 இல் மீண்ட கிறீன், பின்னர் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். தமிழிற் கற்றவர் தம் ஊரிலேயே தங்கி மருத்துவம் செய்வர் என்பது அவர் கருத்து. இதனைத் தமிழ்ப்பற்று எனச் சிலர் உரைப்பது பொருந்தாது. சிற்றூர்க்கு மருத்துவர் வேண்டும் என்பதே அவர்தம் நோக்கம். தமிழ் அதற்கு வாயிலாயிற்று. இவ்வாறு கூறுதல் அவர் பெருமையைக் குறைப்பதன்று. ஒரு தேவையை நிறைவேற்றும் வலிமை தமிழுக்கு உண்டென அயல்நாட்டார் ஒருவர் நம்பியது, வெறும் புகழுரையினும் மேலானதன்றோ?

பாடமொழி மாறவே நூல்களின் தேவை மிகுந்தது. ‘பிரசவ வைத்தியம்’ 1857 இலேயே வெளிவந்திருந்தது. ‘இரண வைத்தியம்’ 1867 இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872 இலும் வெளிவந்தன. இப்பணியில் மாணாக்கர் கையும் உண்டு. கலைச்சொல் வகையில் கிறீன் தனித்தமிழர் அல்லர். தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுவார்; இல்லாதவிடத்து வடசொல்லை மேற்கொள்வார்; அதுவும் இயலாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழொலிக்கு ஏற்பத் திரிப்பார். ‘கெமிஸ்தம்’ (1875) என்னும் நூற்பெயர் இம்மூன்றாம் வகைக்குச் சான்று. ‘அங்காதிபாதம்’ என்பதோ நம் சிற்றிலக்கியப் பாதாதிகேசத்தை நினைவூட்டி நிற்கும் இனிய பெயர். 1873 இல் யாழ்ப்பாணத்தை நீங்கிய பின்னரும் வூஸ்டரில் இருந்தவாறே நூற்பணியை அவர் தொடர்ந்தார். 1884 இல் மறைந்தார்.

எனினும் மறுதலையும் எண்ணத்தக்கது. 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி, தாய்மொழிக் கல்வியே சிற்றூர்க்கு ஏற்றது என்னும் மிசன் தலைமையின் முடிவால் 1855 இல் மூடப்பெற்றது. அங்கு ஆங்கிலம் கற்ற சி. வை. தாமோதரம் பிள்ளையே பிற்காலத்துத் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றியவர். ஆங்கிலம் அவரை ஊரினின்று பிரித்தது உண்மை, தமிழினின்று பிரிக்கவில்லை. ஊர்க்கு நன்மை எதுவென அயலார் துணிந்தவிடத்து, மாணாக்கர் எதனை விரும்பினர் என்பது வினவப்படாமற் போயிற்று. யாழ்ப்பாணத்தார் ஆங்கில உயர்கல்வியை மீண்டும் வேண்டி முயன்றனர். அதன் பயனாக வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பெற்றது. ‘மனுஷ அங்காதிபாதம்’ அச்சேறிய அதே 1872 ஆம் ஆண்டில் இது நிகழ்ந்தது.