நட்சத்திரக் குறியை விரிப்பது யார்?

கணினியில் கட்டளைகளைத் தட்டச்சிட்டுப் பழகியோர் * என்னும் நட்சத்திரக் குறியை நன்கறிவர். 'எப்பெயராயினும் ஆகுக' என்பது அதன் பொருள். அக்குறியைக் கோப்புப் பெயர்களாக விரிக்கும் பொறுப்பு யாருடையது? கட்டளையை முதலில் வாங்கிக்கொள்ளும் ஷெல்லுக்கா, பணியைச் செய்யும் நிரலுக்கா? சிறிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு.

மல்டிக்ஸ் இயங்குதளத்தில் அது நிரல்களின் பொறுப்பு. ஒவ்வொரு கட்டளையும் ஒரு பொதுத் துணைநிரலை அழைத்துத் தானே பெயர்களைத் தேடிக்கொண்டது. அத்திட்டத்திலிருந்து பெல் ஆய்வகம் 1969இல் விலகியது. அதன்பின் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸ் வேறு வழி கண்டது. அதன் 1971ஆம் ஆண்டு முதற்பதிப்பில், குறியைக் கண்டதும் ஷெல் 'குளோப்' என்ற தனி நிரலை அழைக்கும். குளோப் பெயர்களை விரித்து உரிய நிரலிடம் ஒப்படைக்கும். 1979இல் ஏழாம் பதிப்போடு வந்த ஸ்டீவ் போர்னின் ஷெல் அப்பணியைத் தன்னுள்ளேயே ஏற்றுக்கொண்டது.

இதனால் விளைந்த நன்மை பெரிது. நேற்று எழுதிய சிறு நிரலுக்கும் நட்சத்திரக் குறி தானாகவே வசப்பட்டது. எல்லா நிரல்களுக்கும் ஒரே விதி.

இழப்பும் உண்டு. 'ஓ' பின்னொட்டுக் கோப்புகளை மட்டும் அழிக்க எண்ணுபவர், நட்சத்திரத்தை அடுத்து ஓர் இடைவெளியைத் தவறி விட்டுவிடுகிறார் எனக் கொள்வோம். ஷெல் அக்கோப்பகத்தின் பெயர்கள் அனைத்தையும் வரிசையாக்கி 'ஆர்எம்' நிரலிடம் தருகிறது. தரப்பட்டவை நட்சத்திரத்திலிருந்து பிறந்தனவா, ஒவ்வொன்றாகத் தட்டச்சிடப்பட்டனவா என்பதை ஆர்எம் அறியாது. ஐயுற அதற்குக் காரணமில்லை. அனைத்தையும் அழித்தபின், 'புள்ளி ஓ' என்றொரு கோப்பு இல்லையென்று மட்டும் முறையிடும்.

1981இல் வெளிவந்த எம்எஸ்-டாஸ், குறியை விரிக்காமலேயே நிரல்களிடம் விட்டது. அங்கே அழிக்கும் கட்டளை நட்சத்திரத்தை நட்சத்திரமாகவே கண்டது; ஆதலின் அனைத்தையும் அழிக்கச் சொன்னால், 'உறுதிதானா?' என்று வினவ இயன்றது. ஒரே கட்டளையில் பல கோப்புகளின் பின்னொட்டை மாற்றவும் முடிந்தது. ஆனால் விரிக்கக் கற்காத நிரலுக்கு அங்கே நட்சத்திரம் வெறும் எழுத்தே.

பிற்காலத்தில் 'இசட்-ஷெல்' ஒரு சமரசம் கண்டது. அனைத்தையும் அழிக்குமாறு ஆர்எம்முக்கு நட்சத்திரம் இட்டால், விரிக்குமுன் ஷெல்லே நிறுத்திக் கேட்கும். மனிதர் உரைத்த சொல்லை உரைத்தவாறே கேட்டது ஷெல் ஒன்றுதான். எனவே எச்சரிக்கும் கடமையும் அதற்கே உரியது என்பது நம் எண்ணம்.