ஹன்னா மார்ஷ்மன்

ஹன்னா மார்ஷ்மன் (1767–1847) பாப்டிஸ்ட் ஊழியர் ஜோசுவா மார்ஷ்மனின் மனைவி. 1799-இல் இங்கிலாந்திலிருந்து குடும்பத்துடன் வங்காளத்தின் செராம்பூருக்கு வந்தார். தரங்கம்பாடியைப் போல அவ்வூரும் அப்போது டென்மார்க்கின் வசம் இருந்தது.

1800-இல் இத்தம்பதியர் உறைவிடப் பள்ளிகளைத் தொடங்கினர்; பெண்கள் பள்ளியை ஹன்னா நடத்தினார். கட்டண வருமானத்தைக் குடும்பத்துக்கென வைத்துக்கொள்ளாமல் ஊழியத்தின் பொது நிதியில் சேர்த்தனர். பின்னர் வங்காளச் சிறுமியரின் கல்விக்கும் ஹன்னா உழைத்தார்.

அவர் பெற்ற 12 பிள்ளைகளில் 6 பேரே பிழைத்தனர். வில்லியம் கேரியின் மனைவி மனநோயால் அவதியுற்றபோது, அவர்களுடைய மகன்களையும் ஹன்னாவே கவனித்துக்கொண்டார். மகள்வழிப் பேரன் ஹென்றி மார்ஷ்மன் ஹேவ்லாக் பின்னாளில் விக்டோரியா சிலுவை விருது பெற்றார்.

1837-இல் கணவரை இழந்த ஹன்னா, 1847-இல் காலமானார். செராம்பூர் வரலாறு கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகிய மூவரின் பெயரால் அறியப்படுகிறது. அவர்களின் மொழிபெயர்ப்புக்கும் அச்சகத்துக்கும் கைகொடுத்த நிதியில் ஹன்னாவின் உழைப்பும் அடங்கும்.